இடப்பக்கக் கண்ணாடி

கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறும்போது சொல்லிவிடுவது என்று இருந்தாள் சுகந்தி. ஊரப்பாக்கம் வருவதற்குள் சொல்ல வேண்டாம் என்றாகிவிட்டது. வண்டலூரில் இரண்டு பெண்கள் ஏறி அவளை நெருக்கித் தள்ளி உட்கார்ந்தபோது மறுபடியும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அது ஏன் அந்த நேரம் பார்த்துத் தோன்ற வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை. மனசா இது, கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்கிற ஷேர் ஆட்டோவா. பதினோரு மணிக்கு விசாரணை. திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் நடந்து, ஏர்போர்ட் பக்கம் மேலே ஏறிப் போனால் அந்த ஆபீஸ், நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், என்னம்மா நடந்தது என்று கேட்பார்கள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். வினையே அதுதான், அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் அவள் வேலை போகும், சொல்லாவிட்டால் டிராக்டர் ஓட்டுகிற லூர்து அண்ணன் வேலை போகும். இதில் யோசிக்க என்னடி இருக்கிறது என்று ஒரு மனசு அதட்டியது. யோசி, நல்லா யோசி, வீட்டில் அடுப்பு எரிவது யார் சம்பளத்தில் என்று இன்னொரு மனசு கேட்டது. பக்கத்துப் பெண் பூக்கட்டிக்கொண்டே வந்தாள். மல்லி வாசனை குப்பென்று வந்தது, அந்த வாசனையோடு டிராக்டர் ஷெட் ஞாபகம் வந்துவிடுகிறது, டிராக்டர் ஷெட்டோடு சந்தனம் ஞாபகம் வந்துவிடுகிறது. சுகந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் பார்க்கிற வேலையைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். விமானத்துக்குப் பக்கத்தில் நடக்கிற வேலை. நடக்கிறதுக்கா சம்பளம் என்று அவள் வீட்டுக்காரனே பெண் பார்க்க வந்த அன்று கேட்டான், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆமாம், நடக்கிறதுக்குத்தான். ஆள் ஏறாத காலி விமானத்தை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றால் மூக்கில் டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இழுபடுகிற விமானத்துக்குக் கண் கிடையாது. மேலே பிரேக் பிடிக்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தன் றெக்கையின் நுனி தெரியாது. கீழே டிராக்டர் ஓட்டுகிறவருக்கு முன்னால்தான் பார்வை, பின்னால் நடப்பதெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் றெக்கை நுனிக்கு நுனி ஒரு ஆள். கையில் இரண்டு ஆரஞ்சு மட்டை. வழி இருந்தால் மட்டையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இடிக்கிற மாதிரி வந்தால் தலைக்கு மேலே குறுக்கே பிடிக்க வேண்டும், குறுக்கே பிடித்தால் வண்டி நின்றாக வேண்டும், மந்திரியே வந்து அவசரப்படுத்தினாலும் நின்றாக வேண்டும். றெக்கைக்கு நிற்பது என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எங்கம்மா கை காட்டினாத்தான் ப்ளேன் போகும் என்று அவள் மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தது. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் எவனோ, உங்கம்மா ப்ளேனை இடிச்சுடுச்சாமே என்று கேட்டிருக்கிறான். அம்மா இடிக்கலடி, நீ அழாதே, அம்மா கரெக்டாத்தான் காட்டினேன் என்று சமாதானம் சொன்னாள். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைச் சொல்லும்போது ஏன் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

கரெக்டாகத்தான் காட்டினாள். அதில் சந்தேகமே இல்லை, கேமராவில் இருக்கிறது. விஜயதசமி காலை, முதல் இழுப்பு, வெயில் இன்னும் ஏறவில்லை, அவள் இடப்பக்க றெக்கைக்கு நின்றாள். லூர்து அண்ணன் டிராக்டரை வலது கைப் பக்கம் ஒடித்தார். வண்டி வலது பக்கம் திரும்பினால் இடது றெக்கையின் நுனி வெளியே வீசும், நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே வீசும், புதுசாக வருகிறவர்கள் அதில்தான் ஏமாறுவார்கள். அவள் ஏமாறவில்லை. பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த விமானத்தின் வாலைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள். நடுவில் ஒரு பஸ் போகிற இடம் இருந்தது, அப்புறம் ஒரு ஆட்டோ போகிற இடம், மட்டையைக் குறுக்கே தூக்கினாள், வண்டி நிற்கவில்லை. தூக்கினபடியே குதித்தாள். விசில் ஊதினாள். அந்தண்டை ஒரு விமானம் கிளம்புகிற இரைச்சலில் அவள் ஊதினது அவளுக்கே கேட்கவில்லை. அண்ணே, அண்ணே என்று கத்தினாள். பெரிய சத்தம் எல்லாம் இல்லை, பால் கேனைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அவ்வளவுதான். நின்ற விமானத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் பூகம்பம் என்று நினைத்துக் கையில் விளக்குமாறோடு படியில் ஓடி வந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் வால் கிழிந்து, றெக்கை நுனி மடங்கி, இரண்டு விமானமும் நொண்டியாகி நின்றுவிட்டன. இடித்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். பார்க்காம எங்க பராக்கு பார்த்துட்டிருந்தீங்க என்று அவரிடம் நேருக்கு நேர் கேட்டாள், தகப்பன் வயசு மனுஷனிடம், எல்லோர் எதிரிலும். எழுதி வாங்கினபோதும் அதையேதான் சொன்னாள், நான் மட்டை பிடிச்சேன் சார், அவர்தான் பார்க்கல. லூர்து அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, பொண்ணு சரியாத்தான் காட்டியிருக்கும் சார், நான்தான் பார்க்கல என்றார். அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சுடுகிறது. பெருங்களத்தூர் தாண்டிவிட்டது, இன்னும் சுடுகிறது.

சந்தனத்தைக் கரைத்தது அவள்தான். அதை எத்தனை தரம் நினைத்தாலும் வேறு யாரோ கரைத்தது போல் மாற்ற முடியவில்லை. ஆயுத பூஜைக்கு டிராக்டரைக் கழுவி ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். விமானம் நிற்கிற பக்கம் ஒரு பூ இதழ்கூட விழக் கூடாது, இன்ஜின் உறிஞ்சிவிடும், பூஜை கீஜை எதுவும் கூடாது என்றுதான் விதி. ஆனால் வருஷா வருஷம் ஷெட்டுக்குள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நடக்கும், சூப்பர்வைசர் கோதண்டம் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார், திரும்பி வந்து பொரிகடலை வாங்கிக்கொள்வார். பேப்பர் கப்பில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, ஹெட்லைட்டுக்கு, பம்பருக்கு, ஸ்டியரிங்குக்கு என்று வைத்துக்கொண்டே வந்தாள். இடப்பக்கக் கண்ணாடிக்கு வரும்போது அண்ணே, வைக்கட்டுமா என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்றால் அது அவர் வண்டி, அவர் வேதக்காரர், வேளாங்கண்ணி மாதா படம் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. அவர் சிரித்தார். வையும்மா, வண்டி என்ன ஞானஸ்நானம் வாங்கிட்டா வந்திருக்கு, எல்லா சாமியும் பார்த்துக்கட்டும் என்றார். வைத்தாள். மற்றவர்கள் மாதிரி சுண்டு விரலால் தொட்டு வைக்கவில்லை, கட்டை விரலால் நிதானமாக, நல்ல பெரிய வட்டமாக, கண்ணாடிக்கு நட்ட நடுவில், அதன் மேலே குங்குமம். எட்டி நின்று பார்த்து, தன் கை வேலையை மெச்சிக்கொண்டாள். பூஜை வைத்த வண்டியை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்று மறுநாள்வரை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் சந்தனம் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார்கள், இடித்தது. இடித்த அரை மணியில் கோதண்டம் ஈரத்துணியோடு வந்து ஹெட்லைட், பம்பர், கண்ணாடி எல்லாவற்றையும் பரபரவென்று துடைத்தார். விதியை மீறினது தெரியக் கூடாது என்று துடைக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவரும் அதற்குத்தான் துடைத்தார், பாவம், அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

அவளுக்கும் தெரியாமலே போயிருக்கலாம். தெரியாமல் இருப்பவர்கள் எல்லாம் நன்றாகத்தான் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். போன வாரம் ஒரு காலையில் வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டின கண்ணாடி முன்னால் நின்று கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் அவள் கழற்றி ஒட்டின ஸ்டிக்கர் பொட்டுகள் ஓரத்தில் இருந்து நடுவரைக்கும் இருக்கும், எந்த வீட்டில்தான் இல்லை. முதுகுக்குப் பின்னால் தெருவும் கேட்டும் கண்ணாடியில் தெரிந்தன, கேட்டருகே யாழினி வேனுக்குக் காத்துக்கொண்டு நின்றது. மை இழுக்க ஒரு கண்ணை மூடினாள். பிள்ளையைக் காணோம். கேட் இருக்கிறது, தெரு இருக்கிறது, நாய் படுத்திருக்கிறது, பிள்ளை இல்லை. பதறிப்போய்த் தலையை அசைத்ததும் மெரூன் பொட்டுக்குப் பின்னால் இருந்து யாழினியின் ரிப்பன் எட்டிப் பார்த்தது. தலையை அந்தப் பக்கம் கொண்டுபோனாள், பிள்ளை போயிற்று. இந்தப் பக்கம் கொண்டுவந்தாள், வந்தது. கையில் மைக்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். டிராக்டர் கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை, குமிழ்க் கண்ணாடி, எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும். றெக்கை நுனியில் நிற்கிற ஆள் அதில் கட்டை விரல் உயரம்தான் இருப்பாள். அவள் வைத்தது கட்டை விரல் பொட்டு. தன்னைத் தானே மறைத்துக்கொண்டு, அந்தப் பொட்டுக்குப் பின்னால் நின்று குதிகுதி என்று குதித்திருக்கிறாள். அவர் பார்த்திருக்கிறார். பார்த்த இடத்தில் அவள் இல்லை. அப்படியானால் அந்த மனுஷனை எல்லோர் எதிரிலும் பராக்கு பார்த்தீங்களா என்று கேட்டாளே. வேன்காரன் ஹாரன் அடித்ததுகூட அவள் காதில் விழவில்லை.

தாம்பரத்தில் வண்டி நின்றது நின்றபடியே கிடந்தது. போன் அடித்தது, கோதண்டம். கெளம்பிட்டியா, எங்க இருக்க என்றார். தாம்பரம் சார். சரி, பதட்டப்படாம வா, உனக்கு ஒண்ணும் இல்ல, கேமராவுல நீ மட்டை புடிச்சது கண்ணாடி மாதிரி இருக்கு என்றார். அவர் வாயில் வேறு வார்த்தையே வரக் கூடாதா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, முந்தின நாள் பூஜை பத்தி மட்டும் வாயத் தொறந்துடாத, அது வெளிய வந்துச்சுன்னா பூஜை செஞ்ச கை எதுன்னு தேடுவானுங்க, நீ கான்ட்ராக்ட் ஆளு, மொதல்ல கேட் பாஸைப் புடுங்கிட்டு உன்னைத்தான் அனுப்புவானுங்க, புரியுதா. புரியுது சார். லூர்துக்குக் கஷ்டம்தான், என்ன பண்றது, கண் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டான் டாக்டரு என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். கண் கெட்டிருந்தால்கூட இரக்கப்பட்டு வேறு வேலை கொடுத்திருப்பார்கள். நல்லா இருந்ததுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காதவன் என்றால் அலட்சியக்காரன், வேறென்ன. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்திருப்பார், எல்லா எழுத்தும் தெரிந்திருக்கும், தெரியத் தெரிய அவருக்கு எப்படி இருந்திருக்கும். அப்படியானால் அன்றைக்கு மட்டும் எனக்கு என்ன ஆச்சு என்று யோசித்து யோசித்துத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடப்பார். அவளிடம் பதில் இருக்கிறது. தொலைத்தவர் தெருவெல்லாம் தேட, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கிறாள். போனை வைத்த பிறகும் காதோடு பிடித்துக்கொண்டே இருந்தாள், பக்கத்துப் பெண் பூவை முழம் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள்.

சானடோரியம். குரோம்பேட்டை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்துப் பார்த்தாள், எப்போதும் யோசிக்கிற மாதிரி பதறாமல். ஒன்றும் ஆகாது. அவர் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், மனுஷனுக்கு ஓய்வு வாங்கச் சில வருஷம்தான், எங்காவது வேன் ஓட்டிப் பிழைத்துக்கொள்வார். அவள் அப்படி இல்லை. வீட்டுக்காரனுக்கு இன்றைக்கு வேலை இருந்தால் நாளைக்கு இல்லை, உனக்கெதுக்கு வம்பு, கம்முனு இரு என்று சொல்லித்தான் அனுப்பினான், கெட்டவன் இல்லை, பயந்தவன். கணக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் கேன்டீனில் அன்றைக்கு ஒருத்தன் சொன்னானே, அது வந்து கணக்கைக் கலைத்துவிடுகிறது. இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான், பூஜை போட்ட மறுநாளே இடிக்குதுன்னா என்ன அர்த்தம், ஸ்டியரிங் புடிச்ச கை அப்படி, வேதக்கார கை. நாலு பேர் சிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருந்து வருகிற கேக்கை முந்திக்கொண்டு வாங்குகிற அதே நாலு பேர். சுகந்தி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னால் மேற்கொண்டு சொல்ல வேண்டி வருமோ என்று வாயில் இட்லியை அடைத்துக்கொண்டாள். சாம்பாரில் உப்பு கூட என்றுகூட நினைத்தாள். அப்படி நினைக்க முடிந்ததே தன்னால் என்பதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது. பல்லாவரம் தாண்டியதும் வலது பக்கம் மலை வந்தது, இறங்கப்போகிறவர்கள் எழுந்து வாசலில் முட்டினார்கள். ஒரு விமானம் தாழ வந்து ரயிலைக் கடந்து இறங்கியது. ஒரு றெக்கையில் இருந்து மறு றெக்கைவரை அவள் கண் தன்னால் அளந்து பார்த்தது. எழுந்து அவர்களோடு வாசலுக்கு நகர்ந்தாள்.

சுரங்கப்பாதை இறங்குகிற இடத்தில் லூர்துநாதன் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மாதா கோயிலுக்குப் போகிற சட்டை. முகச்சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு. அவளைக் கண்டதும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"உனக்குத்தான்மா நிக்கிறேன். இந்த ரயில்ல வருவேன்னு தெரியும்."

"அண்ணே" என்றாள்.

"பயந்துடாத. ஒண்ணே ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டுப் போயிடறேன், ரெண்டு பேரும் சேர்ந்து போனா பேசி வச்சுட்டு வந்தாங்கம்பானுங்க." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "உள்ள போயி சந்தனம், பொட்டு அப்படின்னு எதையாவது பேசிடாத."

அவளுக்குக் கைப்பை தோளில் இருந்து நழுவியது. மேலே பஸ் ஒன்று போகிற அதிர்வு பாதைக்குள் இறங்கி வந்தது. இவருக்குத் தெரியும். தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்கிறார் என்று இவள் ரயில் முழுக்க உருகிக்கொண்டு வந்தாளே, இவருக்குத் தெரியுமாம். எழுதி வாங்கினபோதும் தெரியும், தொப்பியைக் கசக்கினபோதும் தெரியும், அந்தக் கண் டாக்டரிடம் போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தபோதும் தெரியும்.

"எப்போ தெரியும்ணே?"

"வண்டியை எடுக்கும்போதே தெரியும். நடுவுல வச்சிருந்தியே. தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துத்தான்மா ஓட்டிட்டு வந்தேன். அந்தத் திருப்பத்துல முன்னாடி ஒரு ஜீப் குறுக்க வந்தான், அந்த ஒரு தடவை சாய்க்கல."

"துடைச்சுட்டு எடுத்திருக்கலாமில்ல? ஒரு துணி போட்டு ஒரு இழுப்பு இழுத்திருந்தா போயிருக்குமே. கோதண்டம் சார் துடைச்சாரே."

"அவர் துடைப்பாரு. அது அவர் சாமி." லூர்துநாதன் கைக்குட்டையை எடுத்துச் சவரக் காயத்தில் ஒற்றிக்கொண்டார். "என் வண்டியா இருந்தாலும், உங்க சாமிக்கு வச்சதை நான் எப்படிம்மா துடைக்கிறது? துணியை எடுத்துட்டு இறங்கினேன். நீங்கள்லாம் சூடம் ஏத்தி, சிரிச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. மனசு வரல. சாயங்காலம் தானா உதிர்ந்துடும்னு ஏறிட்டேன்."

சுகந்தி நழுவின பையை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் நடுவில் வைத்தாள், அவர் துடைக்க மனசு இல்லாமல் விட்டார். இரண்டுமே நல்ல எண்ணம்தான், இரண்டு நல்ல எண்ணமும் சேர்ந்து இரண்டு விமானத்தை முட்ட விட்டிருக்கின்றன. இதை எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது.

"அப்போ நீங்களே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வேதக்காரன் இடிச்சுப்புட்டு பூஜை மேல பழி போடறான்னு ஆகும். அப்புறம் அது விமானத்தோட நிக்காது. அந்தப் பேச்சு வேணாம்மா, நாம எல்லாம் ஒண்ணா சாப்பிடறவங்க. கண்ணு அசந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறேன், வயசாச்சுன்னு விட்டுருவாங்க. நீ சின்னப் பொண்ணு, நீ வாயத் தொறந்தா உன் வேலையும் போயிடும். ரெண்டு வேலை எதுக்குப் போகணும்?"

சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார், பின்னாலேயே வராதே என்று கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே. அவர் படியேறி வெளிச்சத்துக்குள் போகிறவரை சுகந்தி நின்றாள். ஒரு வாரமாக அவளுக்குள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டிருந்தது, எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. வேலை போகும் என்கிற பயம் போய்விடவில்லை, அது பாட்டுக்கு இருந்தது, யாழினி முகம் இருந்தது, வீட்டுக்காரன் கம்முனு இரு என்றது இருந்தது. அவற்றை எல்லாம் இழுத்துக்கொண்டுதான் அவளும் படியேறினாள்.

அறையில் ஏசி குளிர். மூன்று பேர், தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு பெரிய திரையில் அவளுடைய உருவம் தலைக்கு மேலே மட்டைகளைக் குறுக்கே பிடித்தபடி உறைந்து நின்றது. லூர்துநாதன் ஓர நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோதண்டம் கதவருகில். நடுவில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார். "உட்காருங்கம்மா. உங்க பக்கம் எந்தத் தப்பும் இல்லை, இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். நீங்க சரியா சிக்னல் கொடுத்திருக்கீங்க, டிரைவர் பார்க்கல. அவ்வளவுதானே?"

"இல்ல சார்" என்றாள் சுகந்தி. "அவர் பார்த்தாரு. பார்க்கிற இடத்துல நான்தான் சந்தனம் வச்சிருந்தேன்."